என் பெயரை இறக்கி வை

ஏலே மகனே,

‘அன்புள்ள’ என்று தொடங்கத்தான் பேனாவை மையில் முக்கினேன். கை ஓடவில்லை. அன்பு இல்லாமல் போகவில்லை, பெற்ற வயிற்றை விட்டு அது எங்கே போகும்? ஆனால் இப்போது நெஞ்சு முழுக்கக் கோபம்தான் இருக்கிறது. இருப்பதை மறைத்து எழுத எனக்கு வராது. நீ கொடுத்துவிட்ட பட்டுச் சேலையும், நாலு மூலையில் மஞ்சள் தடவிய அழைப்பும் நேற்று வந்தன. போடியில் நொடித்துப்போன, ஏலக்காய் மூட்டை அடுக்கும் கிட்டங்கியை வாங்கிவிட்டாயாம். வருகிற வெள்ளிக்கிழமை பலகை ஏற்றுகிறாயாம். நான் கூடலூரிலிருந்து காரில் வந்து இறங்கி, பலகையை மூடியிருக்கும் துணியை என் கையால் இழுக்க வேண்டுமாம். துணிக்குப் பின்னால் பெரிய எழுத்தில் என் பெயர் இருக்குமாம். பஸ்ஸில் எழுதினாய், ரைஸ் மில்லில் எழுதினாய், இப்போது கிட்டங்கியிலும் எழுதப் போகிறாய். பெற்றவளுக்கு இதைவிடப் பெருமை உண்டா என்று உன் கணக்கப்பிள்ளை அடியில் ஒரு வரி வேறு சேர்த்திருக்கிறார். பெருமையாம் பெருமை! அந்த வரியைப் படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

இந்தக் கடிதத்தை நான் உறையில் போட்டு ஒட்டவில்லை. காலை வண்டியில் உன் கண்டக்டர் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். அவன் படிக்கட்டும். கம்பம் மோட்டார் ஸ்டாண்டில் காப்பி குடிக்கிறவர்கள் அவனை வாசிக்கச் சொல்லிக் கேட்கட்டும். என் பெயரை நடுரோட்டில் ஓடவிட்டவன் நீ, என் கோபம் மட்டும் எதற்கு வீட்டுக்குள் அடைந்து கிடக்க வேண்டும்? பிள்ளைக்கு எழுதுகிற பெற்றவர்கள் தாங்கள் செய்த தப்பையெல்லாம் முதலில் சொல்லி, கொஞ்சம் அழுது, பிறகு புத்தி சொல்வார்கள். நான் அழப் போவதில்லை. இந்த விஷயத்தில் தப்பு உன்னுடையது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இந்தக் கடிதத்தில் எங்கேயும் என் பெயரை எழுத மாட்டேன். நீ எழுதியதே போதும்.

நீ இந்தப் பெயரை எப்படித் தேர்ந்தெடுத்தாய் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. பஸ் ஓட்டிக்கொண்டிருந்த ராவுத்தர் அதை உனக்கு விற்றுவிட்டுப் பினாங்குக்குக் கப்பலேறிய சமயம். நெல் விலை படுத்து, ஏலக்காய் விலை படுத்து, பள்ளத்தாக்கில் பாதிப் பேர் தொழிலை மூடிக்கொண்டிருந்தார்கள். நீ ஒவ்வொன்றாக வாங்கி நிமிர்த்தப் போவதாகச் சொன்னாய். அதை நான் குறை சொல்லவில்லை. படுத்த மாட்டை வாங்கித் தேற்றுகிற சம்சாரி நம் பக்கத்தில் இல்லையா? வாங்குவது பாவமில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பெயர் வேண்டும் என்று நீ அலைந்தாய் பார், அங்கே பிடித்தது சனி. மதுரை ஏஜெண்டு ஏதோ இங்கிலீஷ் பெயர் சொன்னார், சொல்லும்போது உனக்கே நாக்குச் சுளுக்கியது. முருகன் பெயரை வைக்கலாம் என்றால், நஷ்டம் வந்தால் சாமிக்குக் கெட்ட பெயர் என்றாய். உங்கய்யா பெயரை வைக்கலாம் என்றால், அவர் கோபக்காரர், அவர் பெயரைச் சொன்னால் கம்பத்தில் பாதிப் பேர் இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள் என்றாய். கடைசியில் அம்மன் கோயிலுக்குப் போய்ப் பூக்கட்டிப் பார்த்தாய். இங்கிலீஷ் பெயருக்குச் சிவப்புப் பூ வந்தது, என் பெயருக்கு வெள்ளைப் பூ வந்தது.

“ஆத்தா, அம்மனே உத்தரவு குடுத்துட்டா, இனி நீ என்ன சொல்றது?” என்று சிரித்துக்கொண்டு வந்து நின்றாய். அம்மனிடம் கேட்க அவ்வளவு தூரம் போனவனுக்கு, என்னிடம் கேட்க அடுப்படி வரைக்கும் வர முடியவில்லையா? அம்மன் கல்லாக இருக்கிறாள், பூவில்தான் பேசுவாள். நான் வாயுள்ளவள். வேண்டாமடா என்று அன்றைக்கே சொன்னேன். நீ என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போய்விட்டாய்.

எதற்கு என் பெயர் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. இப்போது நன்றாக விளங்குகிறது. மேகமலைக்கும் கேரளத்து எஸ்டேட்டுகளுக்கும் ஏலக்காய் பறிக்கப் போகிற குடும்பங்கள், வீட்டைப் பூட்டிவிட்டு மாசக்கணக்கில் மலையில் கிடப்பார்கள். போகும்போது பித்தளைப் பானை, குத்துவிளக்கு, காதில் கிடந்த தண்டட்டி, சில சமயம் ஆட்டுக்குட்டி என்று எல்லாவற்றையும் என்னிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். சீட்டுக் கிடையாது, சாட்சி கிடையாது. “ஆத்தா, வச்சிருங்க” என்பார்கள், திரும்பி வந்து “ஆத்தா, குடுங்க” என்பார்கள், அவ்வளவுதான். மலைக் காய்ச்சலில் திரும்பி வராமல் போனவர்களின் பானைகளைக்கூட நான் விசாரித்து விசாரித்து அவர்கள் பிள்ளைகளிடம் சேர்த்திருக்கிறேன். சின்ன வயசில் அந்தப் பானைகளுக்கு நடுவில்தான் நீ தூங்கினாய். ஒரு தடவை ஒரு சொம்பை எடுத்து விளையாடி நெளித்துவிட்டாய் என்று உன் முதுகில் ஒன்று வைத்தேனே, அந்தக் கையைத்தான் இப்போது நீ விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டாய்.

போன மாசம் உன் பெண்டாட்டி என்னைக் கம்பத்துக்குக் கூட்டிப்போக வந்தாள் அல்லவா, அன்றைக்கு நடந்ததைக் கேள். அவள் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள், பாவம், பயந்தவள். கூடலூர் ஸ்டாண்டில் இரண்டு வண்டி நின்றன. “எந்த வண்டிக்குத் தாயி?” என்று டிக்கட்டுக் கொடுக்கிறவன் கேட்டான். மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்வாளா? முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, “எங்க அத்தை வண்டிக்கு” என்றாள்.

“எல்லா வண்டியும் யாராச்சும் ஒரு அத்தை வண்டிதேன். பேரச் சொல்லு தாயி” என்றான் அவன்.

அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடைசியில் என் பக்கம் கையைக் காட்டி, “இந்தா, இவுக வண்டி” என்றாள். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான், எனக்குச் சக்கரம் இருக்கிறதா என்று தேடினான் போல. போகட்டும். ஏறி உட்கார்ந்தோம். ஊர் எல்லை தாண்டி ஒரு மேடு ஏறும்போது வண்டி புகையைக் கக்கி நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினான், ஒன்றும் நடக்கவில்லை. ஆம்பிளைகள் எல்லாரும் இறங்கினார்கள். அதற்கப்புறம் என் காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறேன். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் என் பெயரைச் சேர்த்துப் படித்துக்கொள்.

“இவ எப்பவும் இப்பிடித்தேன். மேட்டைக் கண்டாப் படுத்துக்கிருவா.”

“கெழவி சூடாகிட்டாடா, தண்ணிய ஊத்துங்க!”

“ஏலே, பின்னால போயி முட்டுக் குடுத்துத் தள்ளுங்கலே, இவ லேசுல நகர மாட்டா!”

உன் பெண்டாட்டி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். நானும் இறங்கி வயல் ஓரமாக நின்றேன். தள்ளிக்கொண்டிருந்த ஒருவன் மரியாதையாக, “பெரியாத்தா, நீங்க அங்கிட்டுத் தள்ளி நில்லுங்க, இவ பின்னால உருண்டாலும் உருண்டுருவா” என்றான். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. வண்டி என்றால் நிற்கும், நின்றால் திட்டத்தான் செய்வார்கள். வீட்டுக்கு வந்து உன் காதைத் திருகிவிட்டு மறந்திருப்பேன். மில் வாசலில் இறங்காமல் இருந்திருந்தால்.

சீனிச்சாமி அண்ணனின் மில்லைத்தான் சொல்கிறேன். அது எப்படி வந்த மில் என்று உனக்குத் தெரியாமல் இருக்காது. அவருடைய அம்மா ரெங்கம்மாள் ஊரார் நெல்லைக் கூலிக்கு அவித்துக் காயவைத்து, உரலில் குத்தி, கையில் காய்ப்புக் காய்த்துப் போனவள். மகன் தலையெடுத்து ஆயில் எஞ்சின் வாங்கி மில் போட்டபோது, அம்மா இனிமேல் உலக்கையைத் தொடக்கூடாது என்று சொல்லி, ‘ரெங்கம்மாள் ரைஸ் மில்’ என்று பலகை வைத்தார். அந்தப் பலகையைப் பார்த்து அந்தக் கிழவி வெட்கப்பட்டு, மில் பக்கமே வராமல் சுற்றிப் போவாள். அவள் போய்ச் சேர்ந்த பிறகும் பலகைக்குத்தான் முதல் சூடம் காட்டிவிட்டு எஞ்சினைக் கிளப்புவார்கள். விலை படுத்த காலத்தில் மில்லும் படுத்தது, நீ வாங்கினாய். அதுவரைக்கும்தான் எனக்குத் தெரியும்.

அன்றைக்கு மில் வாசலில் நான் பார்த்தது என்ன? ரெங்கம்மாள் மேல் வெள்ளையடித்து, அதன் மேல் நீலத்தில் என் பெயர். உன் பெயிண்டர் அவசரக்காரன், வெள்ளை சரியாகப் பூசவில்லை. சாய்ந்த வெயிலில் என் பெயருக்கு அடியில் அவள் பெயர் தெரிகிறது. பலகைக்குக் கீழே சீனிச்சாமி அண்ணன் பெண்சாதி குருவம்மா நின்றிருந்தாள். நாங்கள் வருவதை அவள் பார்க்கவில்லை. குனிந்து, தரையில் கிடந்த உமியும் மண்ணுமாக ரெண்டு கையாலும் வாரினாள். “வெளங்குமா இந்தப் பேரு? மண்ணாப் போகும்!” என்று என் பெயரைச் சொல்லிப் பலகை மேல் தூற்றினாள். இந்த ஊரில் ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினால் அது என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வயிறு எரியாமல் ஒருத்திக்கும் அந்த மண் கையில் வராது.

திரும்பினாள். என்னைப் பார்த்தாள். கையில் ஒட்டியிருந்த உமியைச் சேலையில் துடைத்துக்கொண்டே, “மதினி” என்றாள். நான் கேட்டேன், “என்ன குருவம்மா, நான் உனக்கு என்ன செஞ்சேன்?”

“ஒங்க பேரச் சொல்லித்தேன மதினி வெத்தல மாத்துனாக” என்று அழுதாள். “தரகரு வந்தாரு. ‘இது அந்தம்மா கம்பெனி. மலைக்குப் போறவுக பானையவே நெளியாமத் திருப்பிக் குடுக்குற கையி. பலகை அப்பிடியே இருக்கும், நீங்களும் தராசுல அப்பிடியே உக்காந்துக்கிரலாம்’னு வெத்தலையில கைய வச்சுச் சொன்னாரு. எங்க வீட்டுக்காரவுகளுக்கு மனசு கேக்கல, ‘பத்திரத்துல ஒரு வரி எழுதிக்கிருவமா’ன்னாக. நாந்தேன் மதினி அவுகள ஏசுனேன். ‘மதினிகிட்டப் போயி எழுத்துக் கேப்பீகளாக்கும், கூச்சமா இல்ல?’ன்னு நாந்தேன் ஏசுனேன்.”

“அண்ணன் எங்க?”

“வீட்டுக்குள்ளயே கெடக்காக. தெருப் பக்கமே வர மாட்டேங்குறாக. தராசுல யாரோ மதுரைக்காரப் பையன உக்கார வச்சிருக்கு.”

கேட்டாயா மகனே? என்னிடம் எழுத்துக் கேட்பது கூச்சம் என்று நினைத்து அந்த வீட்டுக்காரி தன் புருஷன் வாயை அடைத்திருக்கிறாள். உன் தரகருக்கு அது தெரியும். உனக்கும் தெரியும். அதனால்தானே என் பெயர்! ஒருவன் தன் அம்மா பெயரை எழுதிவைத்திருந்த பலகை. அதை அழித்து உன் அம்மா பெயரை எழுதியிருக்கிறாய். எழுதும்போது கை நடுங்கவில்லையா? பெயிண்டரைச் சொல்லவில்லை, உன்னைக் கேட்கிறேன்.

அன்று சாயங்காலம் உன் வீட்டுக்கு வந்து கேட்டேன். நீ செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டே பதில் சொன்னாய். “ஆத்தா, வெத்தலையில சொன்னது கோர்ட்டுல நிக்காது. பத்திரத்துல இல்ல. ஒனக்கு யாவாரம் தெரியாது. வண்டியில, மில்லுல, கிட்டங்கியில, சாக்குல, எங்கன பாத்தாலும் ஒரே பேரா இருக்கணும். அப்பத்தேன் ஜனங்க மனசுல நிக்கும்” என்றாய். உன் பெண்டாட்டி வைத்த காப்பியைத் தொடாமல் திரும்பிவிட்டேன். வழியெல்லாம் உனக்குச் சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். எதிரே வந்தவர்கள் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

எனக்கு வியாபாரம் தெரியாது, சரி. ஆனால் ஜனங்கள் மனசில் நிற்பது எனக்குத் தெரியும். என் பெயர் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தது, பலகை இல்லாமல். நீ பலகை வைத்தாய், மண் விழுந்தது. ஏலக்காய்ச் சாக்கில் வேறு என் பெயரை முத்திரை குத்தப் போகிறாயாம். கிட்டங்கியில் மூட்டை ஏற்றுகிறவன் சாக்கின் மேல் காலை வைத்துத்தான் மேலே ஏறுவான். பம்பாய் வரைக்கும் ஊர் ஊராக மிதி வாங்கட்டும் என்று விட்டிருக்கிறாய். அதுகூடப் பெரிசில்லை. நாளைக்கு மலைக்குப் போகிற ஒருத்தி தன் பானையை எடுத்துக்கொண்டு என் வாசல் வரை வந்து, ஒரு நிமிஷம் நின்று யோசித்துவிட்டுத் திரும்பிப் போனாள் என்றால், நான் உயிரோடு இருந்து என்ன? போன வாரம் ஒருத்தி அப்படித்தான் நின்றாள். பிறகு உள்ளே வந்து கொடுத்துவிட்டுத்தான் போனாள். ஆனால் நின்றாள். அதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

உனக்குப் பெயர்தானே வேண்டும்? ஏன் உன் பெயரை வைக்கவில்லை? நன்றாகத்தானே இருக்கிறது, நான் ஆசை ஆசையாக வைத்த பெயர். எழுதக் கற்றுக்கொண்ட புதிதில் நீ அதை எழுதாத இடம் கிடையாது. நெல் குதிரில் எழுதினாய், கிணற்றுச் சுவரில் எழுதினாய், உங்கய்யாவின் செருப்பில் எழுதி அடி வாங்கினாய். ஒரு நாள் எருமைக் கன்றின் முதுகில் சுண்ணாம்பால் எழுதிவிட்டு, தெருத் தெருவாக ஓட்டிக்கொண்டு போனாய். அது குளத்தில் இறங்கி முங்கிவிட்டுச் சுத்தமாக வந்தது. ‘எம் பேரு போச்சு, எம் பேரு போச்சு’ என்று நீ அன்றைக்குச் சோறு தின்னாமல் அழுதாய். அப்பேர்ப்பட்டவனுக்கு மூன்று தொழில் வாங்கிய பிறகும் ஒரு பலகையில் தன் பெயரை எழுத ஏன் கை வரவில்லை? நான் சொல்லட்டுமா? திட்டு வரும் என்று உனக்குத் தெரியும். வாங்குவது நீ, வாக்குத் தவறுவது நீ, மண்ணை மட்டும் ஆத்தா வாங்கட்டும். என் வயிற்றில் பிறந்தவனுக்கு இந்தச் சாமர்த்தியம் எங்கிருந்து வந்தது என்று நான் இரவெல்லாம் யோசிக்கிறேன்.

புத்தி சொல்கிறேன், கேட்டுக்கொள். நொடித்தவனிடம் வாங்கும்போது அவன் தொழிலை வாங்கு, தராசை வாங்கு, எஞ்சினை வாங்கு. அவன் அம்மாவை வாங்காதே. அது விற்பனைக்கு வந்ததே இல்லை. புதிதாக ஒரு பெயர் கண்டிப்பாக வேண்டும் என்றால் உன்னுடையதை வை. நல்லபடியாக நடத்து. மேட்டில் வண்டி நின்றால் உன்னைத் திட்டட்டும், மழையில் வண்டி வந்து நின்றால் உன்னை வாழ்த்தட்டும். அப்போதுதான் வண்டியை ரிப்பேர் செய்யும் எண்ணம் வரும்.

சேலையை இந்தக் கடிதத்தோடு திருப்பி அனுப்புகிறேன். அரக்கு நிறம், எனக்குப் பிடித்த நிறம்தான், பார்த்துத்தான் எடுத்திருக்கிறாய். அதற்காக இன்னும் கொஞ்சம் கோபம் வருகிறது. வெள்ளிக்கிழமைக்குள் சீனிச்சாமி அண்ணன் வீட்டுக்கு நீயே போ, தரகரை அனுப்பாதே. வெற்றிலை பாக்கு வைத்து அவரைக் கூப்பிட்டுவந்து தராசில் உட்காரவை. அந்த வெள்ளையைச் சுரண்டு, அடியில் ரெங்கம்மாள் பத்திரமாக இருக்கிறாள். வண்டியிலும் அழி. இதைச் செய்துவிட்டுச் சேலையைக் கொண்டுவந்தால், அப்போதே கட்டிக்கொண்டு உன் காரில் ஏறுவேன். கிட்டங்கியில் உன் பெயர் எழுதிய பலகையின் துணியை நானே இழுப்பேன், ஊர் முழுக்கச் சொல்லிப் பெருமைப்படுவேன்.

செய்யவில்லை என்றாலும் வருவேன். கார் வேண்டாம், நடந்தாவது வருவேன். வீட்டில் கட்டுகிற நூல் சேலையில் வந்து, உன் விருந்தாளிகளுக்கு முன்னால் துணியை இழுப்பேன். இழுத்துவிட்டுக் குனிந்து, ரெண்டு கையாலும் மண்ணை வாருவேன். பயப்படாதே, உன் மேல் தூற்ற மாட்டேன், உன்னைச் சொல்ல என் வாய் வராது. பலகையில் இருக்கிறவள் மேல் தூற்றுவேன். குருவம்மா பாதியில் விட்டதை நான் முடிப்பேன்.

கடிதம் முடிந்தது. கீழே கையெழுத்துப் போடவில்லை. பெயர் உன்னிடம் இருக்கிறது. கொண்டுவந்து கொடு, போடுகிறேன்.

உன் ஆத்தா